கயிறு தேய்த்த பெயர்

உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று
அரூர் பஸ்ஸில் யாராவது கேட்டால்
கரட்டின் மேல் பாண்டவர் வீடு இருக்கிறது என்போம்.
நாலு பலகைக் கல், மேலே ஒரு மூடிக் கல்,
உச்சி வெயிலில் ஆடுகள் உள்ளே நுழைந்து
நெருக்கியடித்துப் படுத்துக்கொள்ளும்.
பாண்டவர்கள் அவ்வளவு குள்ளமா
என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.
ஏரி மதகைச் சொல்வோம்,
அதில் செதுக்கிய மீனைச் சொல்வோம்.
தண்ணீர் மீனைத் தொட்ட வருஷம் மட்டும்
யாருக்கும் நினைவில்லை.

என் மாட்டுக்கொட்டகையில் இருந்ததைச் சொன்னதில்லை.
அது கட்டுத்தறி.
இடுப்புயரக் கல், சுவர் பார்த்த முகம்.
சங்கக் கடனில் வாங்கிய ஜெர்சியை
பதினோரு வருஷமாய் அதில்தான் கட்டுகிறேன்.
எனக்கு முன்னால் இதே கல்லில் எருமைகள்.

மாசியில் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு பெண், ஒரு பையன்.
"மாட்டைக் கொஞ்சம் அவிழ்க்க முடியுமா அம்மா?"
கல்லைத் திருப்ப நாலு ஆள்.
சாணியை நானே கழுவினேன்.
ஈரக் காகிதம் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி,
மை ஒற்றினார்கள்.
காகிதத்தில் ஒருவன் எழுந்து நின்றான்:
மடங்கிய முழங்கால், இடக்கையில் வில்,
மார்பில் மூன்று அம்பு,
காலடியில் ஆட்டுக்குட்டி அளவில் ஒரு பசு.

பஸ் போர்டு படிக்கும் பிள்ளை மாதிரி
அந்தப் பெண் எழுத்தெழுத்தாய்க் கூட்டினாள்.
"மருதேரியார்... தொறுக்... கொள்ள..."
தொறு என்றால்?
மாட்டு மந்தை.
"மீட்டுப் பட்டான்..."
பட்டான் என்றால்?
செத்தான் அம்மா.
பேர்?

அவள் விரல் ஒரு பள்ளத்தில் போய் நின்றது.
கயிறு சுற்றிச் சுற்றி விழுந்த தடம்,
உள்ளங்கை போல வழவழவென்று,
எண்ணெய் போட்டது போல மின்னிக்கொண்டு.
"இங்கேதான் இருந்திருக்கும்" என்றாள்.
நான் மாட்டைப் பார்த்தேன்.
அது வைக்கோலைப் பார்த்தது.

என் வீட்டுக்காரர் வேடியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார்.
"மருதேரியாரா? அட, மச்சானுங்க!"
ஆற்றுக்கு அந்தக் கரை மருதேரி.
நான் பிறந்த ஊர்.
சாயங்காலம் பால் சொசைட்டியில்
கேன்களை எண்ணி வைக்கச் சொன்னார் செக்ரட்டரி,
"மருதேரிக்காரி வர்றா, ஜாக்கிரதை."
எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.

சீராய் வந்த கிடாரிக் கன்றை
தென்பெண்ணையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிக்கொண்டுதான்
நான் இந்த ஊருக்குள் வந்தேன்.
அன்றைக்கு யாரும் அம்பு எடுக்கவில்லை.
பந்தலில் ஆரத்திதான் எடுத்தார்கள்.

ஆடிக்குப் பிறந்த வீடு போனபோது
துவைக்கிற கல்லை, மதகுப் படியை,
மாரியம்மன் கோயில் வாசல்படியைக்கூட
குனிந்து குனிந்து பார்த்தேன்.
"என்ன தொலைச்ச?" என்றான் தம்பி மாதேசன்.
நம்ம ஊரில் அம்பு பட்ட ஆள் யாராவது,
கல்லில்?
"இருந்த கல்லெல்லாம் குவாரிக்குப் போச்சு.
இந்நேரம் எந்த ஊர் பாத்ரூமிலோ."

மாடு ஓட்டப் போனவனும்
ஒருத்தன் விழுந்திருப்பான் இல்லையா.
மழை பொய்த்த வருஷமோ என்னவோ.
கேழ்வரகுப் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டு
ஒருத்தி ஆற்றுப்பக்கமே பார்த்திருப்பாள்.
அவளிடம் வந்து யார் சொன்னார்கள்?
திருடப் போனவனுக்கு
யாரும் உளி எடுப்பதில்லை.

இனிமேல் இதில் கட்டாதீர்கள் என்று
சொல்லிவிட்டுப் போனார்கள் அந்த இரண்டு பேரும்.
நீல போர்டு வரும் என்றார்கள், வரவில்லை.
புங்கன் கட்டை ஒன்று அடித்து
மாட்டைத் தள்ளிக் கட்டினேன்.
அது கயிற்றை முழு நீளத்துக்கும் இழுத்து
ராத்திரி எட்டி எட்டி
கழுத்தை அந்தக் கல்லில்தான் தேய்க்கிறது.
சத்தம் கேட்கிறது, படுத்தபடியே.
எழுந்து போய்
கயிற்றை ஒரு முழம் தளர்த்திவிட்டு வந்தேன்.